வெற்றிடத்துக்கு எண் வந்த பிறகு

1928இல் ஐபிஎம் நிறுவனம் புதிய துளை அட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய வட்டத் துளைகள் போய் ஒடுக்கமான செவ்வகத் துளைகள் வந்தன. அட்டைக்கு 80 நெடுவரிசைகள். எழுத்துகளையும் துளையிடும் வசதி வந்ததும், ஒரு நெடுவரிசைக்கு ஓர் எழுத்து என்பது வழக்கமாயிற்று. பெயருக்கென்று 20 நெடுவரிசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருவருடைய பெயரோ ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. மீதி 15 இடங்களும் துளை விழாமல் கிடக்கும். கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. படிக்கும் இயந்திரம் மட்டும் அவற்றை 15 வெற்றெழுத்துகளாகக் கணக்கிட்டுப் பெயரோடு சேர்த்தே சுமந்துபோகும்.

பைத்தான் மொழியில் ஒரு ஸ்ட்ரிங்கின் (எழுத்துக் கோவையின்) முன்னும் பின்னும் ஒட்டிக்கிடக்கும் வெற்றிடங்களை நீக்க இன்று 'ஸ்ட்ரிப்' என்ற ஒரு சொல் போதும். நிரல் எழுதக் கற்கும் மாணவர் முதல் வாரத்திலேயே அதைத் தெரிந்துகொள்கிறார், உடனே கடந்தும் போகிறார். அந்தச் சொல் வந்த வழி நீளமானது. மிகுதி வெற்றிடம் தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. அட்டை, தந்தி, அச்சு, வலைப்பக்கம் என்று எழுத்து கடந்துவந்த ஒவ்வொரு சாதனமும் தன் தடத்தை வெற்றிடமாக விட்டுச் சென்றிருக்கிறது. எந்தத் தடம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எதைத் துடைக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது என்பதும் தெரியும்.

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடும் பழக்கமே பிந்தி வந்தது. பழைய கிரேக்க ஏடுகளில் எழுத்துகள் இடைவெளியின்றி ஓடும். ரோமானியர் ஒரு காலத்தில் சொற்களுக்கிடையே புள்ளி வைத்தார்கள். பிறகு அதையும் கைவிட்டார்கள். இலத்தீனைத் தாய்மொழியாகக் கொள்ளாத அயர்லாந்துத் துறவிகள், அந்நிய மொழி நூல்களைப் படிக்க வசதியாக ஏழாம் நூற்றாண்டு வாக்கில் சொற்களைப் பிரித்து எழுதத் தொடங்கினார்கள். பால் சேங்கர் 1997இல் வெளியிட்ட நூலில், வாய்விட்டுப் படித்த ஐரோப்பா மௌனமாகப் படிக்கப் பழகியதற்கே இந்த இடைவெளிதான் வழி திறந்தது என்று வாதிடுகிறார்.

தமிழ் ஓலைச்சுவடியிலும் இடைவெளி கிடையாது. பெரும்பாலான சுவடிகளில் மெய்க்குப் புள்ளியும் கிடையாது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் தலைமுறை செய்த உழைப்பில் பெரும்பங்கு, சொல் எங்கே பிரிகிறது, செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதில் கழிந்தது. நாம் இன்று வெற்றிடத்தை நீக்கச் சிரமப்படுகிறோம். அவர்கள் அதைப் பொருத்தமான இடத்தில் வைப்பதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள்.

அச்சுக்கூடத்தில் வெற்றிடம் கையில் பிடிக்கக்கூடிய பொருளாயிற்று. எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத் துண்டுதான் ஸ்பேஸ். கம்பாசிட்டர் எழுத்துகளுக்கு நடுவே அதைச் செருகுவார். வரி நிரம்பாவிட்டால் மெல்லியதை எடுத்துவிட்டுப் பருமனானதை வைப்பார். அச்சு ஓடும்போது கட்டு தளர்ந்தால் அந்தத் துண்டு மேலெழும்பி மை பட்டு, காகிதத்தில் கறுப்புக் கோடாக விழும். எழும்பிய ஸ்பேஸை அழுத்திவிடு என்று சொல்வதற்கென்றே ஆங்கிலப் பிழைதிருத்தக் குறிகளில் தனிக் குறி இருந்தது. இடைவெளியை நெருக்கிச் சேர் என்பதற்கு மேலும் கீழும் இரண்டு வளைவுகள். மிகுதி வெற்றிடத்தைத் துப்புரவு செய்தவர்களில் புரூஃப் திருத்துபவரே மூத்தவர்.

தந்தியில்தான் நிலைமை அடியோடு மாறுகிறது. மோர்ஸ் முறையில் இடைவெளி என்பது மௌனம். சர்வதேச மோர்ஸ் விதிப்படி சொற்களுக்கு நடுவே ஏழு புள்ளி நேரம் எதுவும் அனுப்பாமல் காத்திருக்க வேண்டும். டெலிபிரிண்டர் வந்தபோது மௌனத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. எமில் போதோ 1874இல் காப்புரிமை பெற்ற ஐந்து அலகுக் குறியீட்டின் வழியில் வந்த கருவிகளில், இடைவெளியும் 'அ' என்ற எழுத்தைப் போலவே கம்பியில் ஏறிப்போகும் ஒரு சைகை. அனுப்பாமல் இருப்பதாக இருந்த ஒன்று அனுப்பப்படும் ஒன்றாகிவிட்டது. பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கே இருக்கிறது. ஒன்றுமில்லாததைத் தவறுதலாக இரண்டு முறை அனுப்ப யாராலும் முடியாது. ஒரு சைகையை அனுப்பிவிட முடியும்.

1963இல் அமெரிக்கா வகுத்த ஆஸ்கி தரப்பட்டியலில் இடைவெளிக்கு 32 என்ற எண் கிடைத்தது. அச்சிடப்படும் குறிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வைத்தார்கள். பெயர்களை வரிசைப்படுத்தும்போது குட்டையான சொல் முதலில் வரவேண்டும் என்பது நோக்கம். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பெயருக்கு முன்னால் தெரியாமல் ஒரு வெற்றிடம் நுழைந்துவிட்டால், அகர வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியவரும் பட்டியலின் தலைக்கு வந்துவிடுவார். அலுவலகங்களில் விரிதாள் வைத்து வேலை செய்யும் எவரும் இதைக் கண்டிருப்பார்கள். டேப்புக்கு 9, புதுவரிக்கு 10, வண்டி திரும்பலுக்கு 13 என்று டெலிடைப் இயந்திரத்தின் அசைவுகளும் அதே பட்டியலில் எண்களாக உறைந்துபோயின.

தொடக்ககால நிரல்மொழிகள் இந்தச் சிக்கலை வெவ்வேறு விதமாக எதிர்கொண்டன. ஜான் பேக்கஸ் தலைமையில் 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் துணிச்சலான முடிவொன்றை எடுத்தது: நிரலில் வெற்றிடத்துக்குப் பொருளே கிடையாது. சொல்லின் நடுவில் விட்டாலும் கவலையில்லை; கம்பைலர் எல்லாவற்றையும் நெருக்கிச் சேர்த்துப் படித்துக்கொள்ளும். கையெழுத்துப் படியில் எத்தனை இடம் விடப்பட்டிருக்கிறது என்று எண்ண முடியாமல் அட்டை துளையிடுபவர்கள் திணறியது இதற்குப் பின்னணி என்று பேக்கஸ் பின்னாளில் விளக்கினார். அந்தத் தொழிலாளர்கள்மேல் வைத்த அக்கறை என்று இதைச் சொல்லலாம். விலையும் இருந்தது. 'டூ 10 ஐ = 1,10' என்று எழுதினால் 1 முதல் 10 வரை திரும்பத் திரும்பச் செய் என்று பொருள். காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி விழுந்துவிட்டால், 'டூ10ஐ' என்ற பெயருடைய மாறியில் 1.10 என்ற மதிப்பை வை என்று கம்பைலர் புரிந்துகொள்ளும். பிழை என்று ஒரு சொல்கூடச் சொல்லாது.

கோபால் மொழி எதிர்த்திசையில் போயிற்று. அங்கே புலத்துக்கு 20 எழுத்து என்று அறிவித்தால் 20தான். குறைந்த இடத்தை வலப்பக்கம் வெற்றிடத்தால் நிரப்பிவிடும். தரவுத்தளங்களுக்கான எஸ்க்யூஎல் மொழியின் நிலைநீளப் புலமும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தது. பழைய வங்கி, காப்பீட்டுத் தரவைப் பைத்தானில் திறக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் நீளமாக வால் தொங்கும் காரணம் இதுதான். யாரும் அங்கே ஸ்பேஸ் பாரைத் தட்டவில்லை.

அந்த வாலை வெட்டுவதற்கென்று கருவி வந்தது பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து. டேவிட் ஃபார்பர், ரால்ஃப் கிரிஸ்வால்டு, இவான் பொலான்ஸ்கி மூவரும் 1962இல் ஸ்னோபால் என்ற மொழியை உருவாக்கினார்கள். எண்களுக்குப் பதில் எழுத்துக் கோவைகளைக் கையாளப் பிறந்த மொழி அது. அதன் நான்காம் பதிப்பில் 'ட்ரிம்' என்று ஒரு செயல்கூறு: ஸ்ட்ரிங்கின் வலமுனையிலுள்ள வெற்றிடங்களை நீக்கும். வலமுனையை மட்டும். உள்ளீடு அட்டையிலிருந்து வந்ததால், எழுதி முடித்த இடத்துக்கு அப்பால் 80ஆம் நெடுவரிசைவரை வெறுமை நிரம்பியிருக்கும். சீவவேண்டியது அந்தப் பக்கம்தான். கிரிஸ்வால்டு பிறகு உருவாக்கிய ஐக்கான் மொழியில், எந்தெந்த எழுத்துகளைச் சீவவேண்டும் என்று நாமே சொல்லும் வசதியும் சேர்ந்தது.

அதே பெல் ஆய்வுக்கூடத்தில் 1977இல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதிய ஆக் கருவி இன்னொரு பழக்கத்தை நிலைநாட்டியது. யுனிக்ஸ் கட்டளைகள் தங்கள் விடையை அட்டவணைபோல அழகாக அடுக்கித் தருவதற்காக நடுவே பல வெற்றிடங்களை இட்டு நிரப்பும். அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்த ஆக், தொடர்ந்து எத்தனை வெற்றிடமோ டேப்போ வந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே பிரிகோடு என்று எடுத்துக்கொண்டது. வரியின் தொடக்கத்திலுள்ளதைப் பொருட்படுத்தவே இல்லை.

யுனிக்ஸ் உலகில் ஒரு வெற்றிடம் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு 2011இல் நடந்தது நல்ல சான்று. லினக்ஸ் மடிக்கணினிகளின் கிராஃபிக்ஸ் அட்டையைக் கையாள எழுதப்பட்ட பம்பிள்பீ என்ற திறமூல மென்பொருளின் நிறுவல் நிரலில், அழிக்கவேண்டிய ஒரு கோப்புறையின் முழுப் பாதை எழுதப்பட்டிருந்தது. 'யுஎஸ்ஆர்' என்ற முதல் பகுதிக்குப் பின்னால் ஒரேயொரு வெற்றிடம் கூடுதலாக விழுந்துவிட்டது. ஒரு பாதை இரண்டாகப் பிரிந்தது. அழிக்கும் கட்டளை, கணினியின் பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருக்கும் அந்த யுஎஸ்ஆர் கோப்புறையையே துடைத்துப்போட்டது.

1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமிலுள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் கிடோ வான் ரோசம் பைத்தானை எழுதத் தொடங்கினார்; 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு. அதற்கு முன் அவர் வேலை செய்திருந்த ஏபிசி மொழியில் வரியின் உள்தள்ளலே நிரலின் கட்டமைப்பைக் காட்டியது. பைத்தானும் அதை ஏற்றது. அடைப்புக்குறி கிடையாது, வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறதோ அதுவே பொருள். 2001இல் வந்த நடைக்கையேடு ஓர் உள்தள்ளலுக்கு நான்கு வெற்றிடம் என்றும், வரிக்கு 79 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. அந்த 79இல் பழைய 80 நெடுவரிசை அட்டையின் அகலம் இன்னும் தெரிகிறது. டேப்பையும் வெற்றிடத்தையும் முரணாகக் கலந்தால் மூன்றாம் பதிப்பு நிரலை ஓட்டவே மறுக்கும். வெற்றிடத்தை இவ்வளவு மதிக்கும் மொழியில்தான் வெற்றிடத்தை நீக்கும் கருவிகளும் இவ்வளவு செம்மையாக அமைந்தன. இரண்டும் ஒரே அக்கறையிலிருந்து வந்தவை என்றே தோன்றுகிறது.

பைத்தானின் ஸ்ட்ரிப் இரு முனைகளையும் சுத்தம் செய்யும். எல்-ஸ்ட்ரிப் இடமுனையை மட்டும், ஆர்-ஸ்ட்ரிப் வலமுனையை மட்டும். தொடக்கத்தில் இவை ஸ்ட்ரிங் என்ற தனித் தொகுப்பில் இருந்தன. 2000ஆம் ஆண்டு வெளியீடுகளில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் சொந்தமான செயல்களாயின. பிறகு 2.2.2 பதிப்பில், எந்த எழுத்துகளை நீக்கவேண்டும் என்று சொல்லும் வசதி வந்தது. அதோடு நெடுநாள் குழப்பம் ஒன்றும் வந்தது. ஸ்ட்ரிப்புக்குக் கொடுக்கும் எழுத்துகளை அது ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. தனித்தனி எழுத்துகளின் குவியலாகப் பார்க்கிறது. 'மக்கள்' என்ற சொல்லின் முடிவிலுள்ள 'கள்' விகுதியை நீக்கலாம் என்று ஆர்-ஸ்ட்ரிப்பிடம் 'கள்' என்று கொடுத்தால், ககரம், ளகரம், புள்ளி மூன்றில் எது வலமுனையில் நின்றாலும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போய், கடைசியில் 'ம' என்ற ஒற்றை எழுத்தை மட்டும் கையில் தரும். உலகெங்கும் பலர் இதில் விழுந்து எழுந்த பிறகு, 2020இல் வந்த 3.9 பதிப்பில் முன்னொட்டையும் பின்னொட்டையும் முழுச் சொல்லாகப் பார்த்து நீக்கும் இரண்டு செயல்கள் சேர்க்கப்பட்டன. அவற்றில் ரிமூவ்சஃபிக்ஸ், அதே சொல்லை 'மக்' என்று நிறுத்தும்.

முனைகள் இருக்கட்டும்; நடுவில் கிடக்கும் மிகுதிக்கு என்ன வழி? பைத்தான்காரர்கள் எல்லோருக்கும் பழகிய வழக்கம் ஒன்றுண்டு: ஸ்ட்ரிங்கை வெறும் ஸ்பிளிட்டால் உடைத்து, ஒற்றை வெற்றிடத்தால் ஜாயின் செய்வது. ஸ்பிளிட்டுக்கு எதையும் கொடுக்காவிட்டால், ஆக் கருவியைப் போலவே, தொடர்ந்து வரும் வெற்றிடங்களை ஒரே பிரிகோடாக எடுத்துக்கொண்டு முனைகளையும் ஒதுக்கிவிடும். ஒரு வெற்றிடத்தைப் பிரிகோடாகக் கொடுத்தாலோ கதை வேறு: இரண்டு வெற்றிடம் அடுத்தடுத்து வந்தால் நடுவே வெறும் ஸ்ட்ரிங் ஒன்று முளைக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்த இரு வடிவங்களின் வேறுபாட்டை முதல் நாளே கற்றுக்கொடுப்பது நல்லது.

இந்த உடைத்துச் சேர்க்கும் முறை ஒரு வகையில் முரட்டுத்தனமானது. டேப், புதுவரி எல்லாம் அதற்கு ஒன்றே. உரைநடைப் பத்திக்குப் பழுதில்லை. 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கிவரும் மதுரைத் திட்டத்தின் திருக்குறள் கோப்பின்மேல் அப்படியே ஓட்டினால் 1,330 குறளும் ஒரே வரியாக ஓடும். முதலடியின் நான்கு சீரும் இரண்டாமடியின் மூன்று சீரும் எங்கே பிரிகின்றன என்பது போய்விடும். பதிப்பாசிரியர்கள் பாடுபட்டு வைத்த அடிப்பிரிப்பை ஒரு நொடியில் சுவடிக் காலத்துக்கே திருப்பி அனுப்புவதாகும் அது. ஸ்பிளிட்லைன்ஸ் கொண்டு முதலில் அடிகளைப் பிரித்து, ஒவ்வோர் அடிக்குள்ளும் தனியே சுத்தம் செய்துவிட்டுப் புதுவரியால் சேர்த்தால் இந்த இழப்பு நேராது.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, எல்லா ஸ்ட்ரிங்கையும், பல மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யுனிகோட் ஆக்கியது. அதுவரை வெற்றிடம் என்றால் சி மொழியின் பட்டியலிலிருந்த ஆறு குறிகள்தான் பலருக்கும் நினைவில் இருந்தன. யுனிகோட் பட்டியலோ 25. அவற்றில் அன்றாடம் தொல்லை தருவது 160ஆம் எண். வரி உடையாமல் இரு சொற்களைச் சேர்த்துப் பிடிக்கும் வெற்றிடம் அது. உலாவிகள் தொடர்ச்சியான வெற்றிடங்களை ஒன்றாகச் சுருக்கிக் காட்டுவதால், விட்ட இடம் விட்டபடி தெரியவேண்டும் என்று வலைப்பக்கம் செய்தவர்கள் இந்த 160ஐத் தாராளமாகத் தூவினார்கள். பக்கத்திலிருந்து படியெடுத்து எக்செலில் ஒட்டினால் அதன் ட்ரிம் இதைத் தொடாது. ஜாவாவின் பழைய ட்ரிம்மும் 32க்கு மேற்பட்ட எதையும் தொடாது. 2018இல் வந்த 11ஆம் பதிப்பில் யுனிகோட் அறிந்த ஸ்ட்ரிப் தனியே சேர்ந்தபோதும் அது 160ஐ விட்டே வைத்தது. பைத்தான் 3 அதைத் தயங்காமல் நீக்குகிறது. ஜப்பானியரும் சீனரும் பயன்படுத்தும் முழு அகல வெற்றிடமான 12288ஐயும் நீக்குகிறது. கோப்பு, குழு, பதிவு, அலகு என்று தரவைப் பிரிக்க ஆஸ்கி ஒதுக்கிய 28 முதல் 31 வரையான குறிகளையும், இன்று யாரும் அவற்றை எழுதாதபோதும், வெற்றிடமாகவே கருதித் துடைக்கிறது.

5760ஆம் எண் தனிச் சிறப்புடையது. அயர்லாந்தின் பழங்கற்களில் விளிம்பை ஒட்டிக் கீறப்பட்ட ஓகம் எழுத்துக்குரிய வெற்றிடம் அது. எழுத்துகள் ஒரு நடுக்கோட்டின்மேல் தொங்குவதால், பல எழுத்துருக்களில் இந்த வெற்றிடமும் ஒரு கோடாகவே தெரியும். கண்ணுக்குத் தெரியும் வெற்றிடம்! ஸ்ட்ரிப் அதையும் நீக்கும்.

மறுபுறம், கண்ணுக்கே தெரியாத சிலவற்றை ஸ்ட்ரிப் தொடாது. அகலமே இல்லாத 8203, கோப்பின் தலையில் ஒட்டிவரும் 65279 இரண்டும் யுனிகோட் வகைப்பாட்டின்படி இன்று வெற்றிடம் அல்ல, வடிவமைப்புக் குறிகள். 8203 முன்பு வெற்றிட வகையில்தான் இருந்தது. 2004இல் வகை மாற்றினார்கள். கோப்பின் முதல் சொல் மட்டும் எந்தத் தேடலிலும் அகப்படாமல் நழுவுகிறது என்றால் பெரும்பாலும் 65279தான் காரணம். கோப்பைத் திறக்கும்போதே 'யுடிஎஃப்-8-சிக்' என்ற குறிமுறையைச் சொன்னால் அது உதிர்ந்துவிடும்.

இவற்றால் சலித்துப்போய், தெரியாத குறிகள் அத்தனையையும் ஒரே வீச்சில் அழிக்கும் நிரலைச் சிலர் எழுதுகிறார்கள். தெற்காசிய மொழிகளுக்கு அது தீங்கு. 8204 எனும் இணையாக் குறியைத் தமிழில் 'ரிக்‌ஷா' என்று எழுதும்போது ககர மெய்யும் ஷகரமும் ஒட்டிக் கூட்டெழுத்தாகிவிடாமல் இருக்க வைக்கிறார்கள். சிங்களத்தில் ஸ்ரீ லங்கா என்று எழுத 8205 எனும் இணைப்புக் குறி வேண்டும். அழித்தால் நாட்டின் பெயரிலுள்ள முதல் எழுத்தே சிதைந்து தெரியும். பாரசீகத்தில் 8204 எழுத்திலக்கணத்தின் பகுதி. ஆகவே 8203ஐயும் 65279ஐயும் பெயர் சொல்லி நீக்குவதே முறை; 8204, 8205 இரண்டையும் விட்டுவைக்க வேண்டும். தேடலுக்காக அவற்றை ஒதுக்கவேண்டியிருந்தால் மூலத்தைத் தொடாமல், தேடலுக்கென ஒரு படி எடுத்து அதில் ஒதுக்கிக்கொள்ளலாம்.

சொற்களைப் பிரிக்க, எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை நாடுவோருக்கும் தமிழில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. பைத்தானோடு வரும் ஆர்இ தொகுப்பு, சொல்லெழுத்து எது என்ற கேள்விக்கு எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் சேராது. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகளாகத் திருப்பித் தரும். ரெஜெக்ஸ் என்ற வெளித்தொகுப்பு அந்தக் குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. அதை நிறுவ வழியில்லாதவர்கள், எதையும் கொடுக்காத வெறும் ஸ்பிளிட்டால் வெற்றிடத்தில் உடைத்து, கிடைத்த சொல் ஒவ்வொன்றின் முனையிலும் ஒட்டியுள்ள காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி ஆகியவற்றை ஸ்ட்ரிப்பிடம் கொடுத்து நீக்கிக்கொள்கிறார்கள்.